இரண்டு அடி, பிறகு மூன்றாம் காலம்

அன்றைக்குப் பாதித் தேங்காய் திருவியதோடு என் கை நின்றுவிட்டது.

ஒரு புதன்கிழமை, மாலை ஐந்தரை இருக்கும். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் குசினி. யன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நான், என் திருவலை, உடைத்த தேங்காய். பாணந்துறை ரயில் போனது. காகங்கள் கத்தின. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனாலும் உப்புப் போடாத சொதியைக் குடித்ததுபோல ஏதோ ஒன்று குறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. மேல் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை.

"இஞ்சருங்கோ, மேல இண்டைக்கு கிளாஸ் இல்லையா?" என்று விறாந்தைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

அங்கே பேப்பரோடு இருந்தவர் சேவியர், என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் சங்குகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு மற்றச் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"மேல கிளாஸ் நடக்குதா?" என்று திருப்பிக் கேட்டார் மனிதர். நாலு வருடமாக நடக்கும் சங்கதி!

வாசகி கேட்ட கேள்வி

இந்தத் தொடரை வாசிக்கும் மருதானை வாசகி ஒருவர் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தார். "வீட்டு வேலை செய்யும்போது என்ன பாட்டுக் கேட்பீர்கள், ஸ்டெல்லா அக்கா? எனக்குப் பாட்டில்லாமல் ஒரு கோப்பை கழுவவும் மனம் வராது."

நான் பதில் போடவில்லை. மறந்துபோய் அல்ல, வெட்கம். கொட்டாஞ்சேனையில் பிறந்து, மாதா கோயில் பாட்டும் பைலா ஆட்டப்பாட்டும் கேட்டு வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரி நான். எனக்குப் பிடித்த பாட்டு எது என்று சொன்னால் என் சொந்தத் தங்கச்சியே சிரிப்பாள்.

சரி, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது, பிறர் வீட்டுப் பிள்ளைகள் பாடும் சரளி வரிசை.

ஆமாம், அதேதான். சங்கீத வகுப்புக்கு முதல் நாள் போகும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த ச ரி க ம ப த நி ச. ஒரே வரியை முதற்காலத்தில் ஆறுதலாக, இரண்டாங்காலத்தில் வேகமாக, மூன்றாங்காலத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் பாடவேண்டும். பெற்ற தாயே கதவைச் சாத்திக்கொள்ளும் சங்கீதம் அது. எனக்கோ அது இல்லாமல் வீட்டில் ஒரு வேலையும் ஓடாது.

ஊதாத் துணி

இப்படி அடுத்த வீட்டுப் பாட்டைக் கேட்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் எங்கள் றேடியோ காலையில் ஐந்தரைக்குப் பாடத் தொடங்கினால் பகல் சோறு இறக்கும்வரை ஓயாது. அம்மா தும்புத்தடியைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே என்ன பாட்டுப் போகிறது என்று சொல்லிவிடலாம். பைலா என்றால் கட்டிலுக்கு அடியிலும் கூட்டுப்படும். சோகப் பாட்டு என்றால் நடுவீட்டோடு சரி.

ஆனால் தவக்காலம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா? அம்மா வீட்டில் றேடியோவையும் மூடிவிடுவா. சட்டை தைத்து மிஞ்சிய ஊதாத் துண்டு ஒன்றை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தா. நாற்பது நாளும் சினிமாப் பாட்டுக் கிடையாது. பாஸ்கு, அதாவது உயிர்த்த ஞாயிறு, வரும்வரை எங்கள் வீட்டில் தூசி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் தூசியே இராது. அது பக்கத்து முஸ்லிம் வீட்டு ஸரீனா ராத்தாவின் சுவரை ஒட்டிய மூலை. அவர்கள் வீட்டில் றேடியோ பாடும். அம்மா அந்த மூலையையே கூட்டிக்கொண்டு நிற்பா. கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டுவா.

"என்னம்மா, அங்க என்ன குப்பை?" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"வாயை மூடிக்கொண்டு போ பிள்ளை. நான் பாட்டுப் போடேல்ல. அது தானா வருது."

ஸரீனா ராத்தாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தவக்காலம் தொடங்கியதும் அவர் தங்கள் றேடியோவை மேசையிலிருந்து தூக்கிச் சுவர்ப்பக்கத்து யன்னலில் வைத்துவிடுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பாஸ்குப் பெருநாளன்று எங்கள் வீட்டுக் கேக்கில் முதல் தட்டு அந்தச் சுவருக்கு மேலாகத்தான் போகும். தட்டை நீட்டும்போது அம்மா, "நாற்பது நாளும் நல்லா இருந்தது ராத்தா" என்று மட்டும் சொல்லுவா.

நன்றி சொல்லவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நான் அம்மாவிடம் பாதியைத்தான் படித்திருக்கிறேன் என்று அந்தப் புதன்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

கரண்ட் இல்லாத மாலை

மேல் வீட்டுச் சங்கீதம் என் காதில் விழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலம் அது. றேடியோ ஊமை. ஃபோனில் சார்ஜ் இல்லை. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய புளூடூத் ஸ்பீக்கர் ஒரு மூலையில் செத்துக் கிடந்தது. அது உயிரோடு இருந்தாலும் அவ்வளவு உபகாரமில்லை. நல்ல பாட்டு ஒன்று உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து விளம்பரத்தில் யாரோ சவர்க்காரம் விற்க வந்துவிடுவான்.

நான் எரிச்சலோடு குசினியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து துருத்திச் சுருதிப்பெட்டி ஒன்று மூச்சு இழுத்தது. பிறகு மூன்று நாலு குட்டிக் குரல்கள், ச... ரி... க... ம.

அந்த மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சாந்தா டீச்சரின் வகுப்பு அது. யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் தவறிவிட்டார், தனியே இருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும். படியில் கண்டால் இருவரும் சிரிப்போம். அதற்குமேல் கதை இல்லை.

அன்றைக்கு என் தும்புத்தடி தானாகவே முதற்காலத்துக்கு அசையத் தொடங்கியது. ஒரு சுரத்துக்கு ஒரு இழுவை. இரண்டாங்காலம் வந்ததும் தேங்காய் திருவ உட்கார்ந்தேன். அதற்கும் அதே கணக்கில் கை ஓடியது. மூன்றாங்காலம் சட்டி தேய்ப்பதற்கென்றே யாரோ உண்டாக்கியது. அடிப்பிடித்த சோற்றுச் சட்டியைத் தேங்காய்த் தும்பு வைத்து மூன்றாங்காலத்தில் தேய்த்துப் பாருங்கள், உங்கள் முகம் அதில் தெரியும்.

பாட்டைவிட டீச்சரைத்தான் நான் மெச்சினேன். பிள்ளை நூறு தரம் பிழைவிட்டாலும் அவர் குரல் உயராது. ஒரேயொரு சொல்தான் வரும்.

"இன்னொருக்கா."

கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. இப்போதுதான் முதல் தரம் கேட்பதுபோல, "இன்னொருக்கா." நானாக இருந்தால் மூன்றாம் தரமே குட்டியிருப்பேன். என் மகனைக் கேட்டால் சாட்சி சொல்லுவான்.

வீட்டு வேலையும் சரளி வரிசைதானே? இன்றைக்குக் கழுவிய கோப்பையை நாளைக்கும் கழுவவேண்டும். இன்றைக்குக் கூட்டிய நிலத்தில் நாளைக்கும் கடல்மணல் கிடக்கும். யாரும் கைதட்டுவதில்லை, மேடையும் இல்லை. முப்பது வருடமாக அதை நினைத்து நான் மனதுக்குள் குமைந்திருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்கத் தொடங்கிய பிறகு குமைச்சல் குறைந்தது. ரொட்டி கருகினால் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், "இன்னொருக்கா."

ஆறு மணிக்கு மட்டும் ஒரு சின்ன இடைவேளை. குசினி யன்னலுக்குப் பக்கத்துத் தட்டில் எங்கள் மாதா சுரூபம் இருக்கிறது. ஆறு மணிக்கு மெழுகுதிரி கொளுத்தி மூவேளைச் செபம் சொல்லவேண்டும். கடற்காற்று திரியை ஒரு நிமிடம் எரியவிடாது. யன்னலைச் சாத்தலாம் என்றால், உப்புக் காற்றில் பிணைச்சல் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஓங்கி ஒன்று அடித்தால் பாதி வரும், இன்னொன்று அடித்தால்தான் கொளுவும். டமார், டமார். பத்து நிமிடம் செபம். பிறகு மெதுவாகத் திறந்துவிட்டு மூன்றாங்காலத்துக்குச் சட்டி தேய்க்கப் போய்விடுவேன்.

பிணைச்சலுக்கு எண்ணெய் விடச் சொல்லி நாலு வருடமாகச் சேவியரிடம் கேட்கிறேன். அவரும் நாலு வருடமாக "நாளைக்கு" என்கிறார்.

வெள்ளிக்கிழமை மீன்

வியாழக்கிழமையும் மேலே சத்தம் இல்லை. வெள்ளி காலை சந்தைக்குப் போய் மீனோடு திரும்பினேன். கேற்றடியில் வாட்ச்சர் சிறிபால நின்றான்.

"நோனா, உட டீச்சர் யனவாலு." மேல்வீட்டு டீச்சர் போகப்போகிறாராம்.

மாத முடிவில் வத்தளையில் தம்பி வீட்டுக்குப் போகிறார், பிள்ளைகளின் தாய்தகப்பனுக்கெல்லாம் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார், பிளாட் சொந்தக்காரருக்கும் அறிவித்துவிட்டார் என்று மிச்சத்தையும் சிங்களத்திலேயே சொல்லி முடித்தான். ஏன் என்று கேட்டேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

லிஃப்டில் ஏறினேன். கை நாலுக்குப் பதில் ஐந்தை அமத்தியது.

கதவைத் தட்டிய பிறகுதான் என் கையில் மீன் பை தொங்குவது தெரிந்தது. வெள்ளிக்கிழமை! எங்களுக்கு இறைச்சி தவிர்த்து மீன் சமைக்கும் நாள். சைவக்காரரான அவருக்கோ மீனே ஆகாத நாள். அவசர அவசரமாகப் பையைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கதவு திறந்துவிட்டது.

என்னைக் கண்டதும் டீச்சரின் முகம் வெளிறியது. "மிஸிஸ் சேவியர், நான் மாத முடிவில போறன். கிளாசும் நிப்பாட்டிப்போட்டன். இனி உங்களுக்குக் கரைச்சல் இராது" என்று நான் வாய் திறக்கமுன் சொன்னார்.

"எனக்கா? எனக்கென்ன கரைச்சல் டீச்சர்?"

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்கள் வாய்விட்டு ஒண்டும் சொல்லேல்லத்தான். ஆனா நாலு வருசமா ஒவ்வொரு நாளும், பிள்ளையள் பாடிக்கொண்டு இருக்கேக்க யன்னலை ரெண்டு தரம் அடிச்சுச் சாத்துறியள். இப்ப கொஞ்ச நாளா இன்னும் பலமா அடிக்கிறியள். எனக்கு விளங்காதா?"

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"முந்தி இருந்த அனெக்ஸிலயும் இப்பிடித்தான். முதல்ல யன்னல் சாத்தினவை. பிறகு கதவு. பிறகு கடிதம் வந்தது. ஒரு கிழமையில எழும்பச் சொல்லி. சாமான்களோட றோட்டில நிண்டனான், மிஸிஸ் சேவியர். இந்த முறை கடிதம் வரமுதல் நானே போயிடுவம் எண்டு நினைச்சன். நீங்கள் வேதக்காரர், எங்கட சங்கீதம் பிடிக்காதாக்கும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஐயோ டீச்சர்! அது மாதாவுக்கு! மெழுகுதிரி காத்தில நூந்துபோகுது. பிணைச்சல் துருப்பிடிச்சுக் கிடக்கு. இப்ப வாடைக்காத்துக்கு இன்னும் இறுகிப்போச்சு. ஒரு அடியில பூட்டுப்படாது. செபம் முடிஞ்ச உடன திறக்கிறனான்!"

யன்னல் சாத்தும் சத்தம் மேலே கேட்கும். திறக்கும் சத்தம் கேட்காது. இந்தச் சின்ன விஷயம் நாலு வருடத்தில் ஒரு நாளாவது என் மூளையில் ஏறவில்லையே!

டீச்சர் சிரிக்க முயன்றார். "நீங்கள் நல்ல மனிசி. என்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறியள்."

அவர் நம்பவில்லை. நம்பவைக்க என்னிடம் என்ன இருக்கிறது? எனக்குச் சங்கீதத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.

"புதன்கிழமை வாற கீச்சுக்குரல் பிள்ளை, முதற்காலத்தில எல்லாம் சரியாப் பாடும். மூண்டாங்காலத்தில இறங்கி வரேக்க மட்டும் நி-யை விழுங்கிப்போடும். நீங்கள் ஏழு தரம் இன்னொருக்கா சொன்னீங்கள், போன கிழமை. எட்டாம் தரம் சரியா வந்தது. எனக்குக் கீழ கைதட்ட வேணும்போல இருந்தது, கையெல்லாம் சவர்க்காரம். செவ்வாய்க்கிழமை வாற அண்ணனும் தங்கச்சியும், அண்ணன் எப்பவும் அரைச் சுரம் முந்தி ஓடுவான். நீங்கள் மழைநாளில சுருதியைக் கொஞ்சம் கீழ வைச்சுப் பிடிப்பீங்கள், தொண்டை கட்டுமெண்டு. டீச்சர், நான் உங்கட முதற்காலத்துக்கு வீடு கூட்டுறனான். ரெண்டாங்காலத்துக்குத் தேங்காய் திருவுறனான். மூண்டு நாளா எங்கட வீட்டில ஒழுங்கான ஒரு சம்பல் இல்லை!"

சொல்லிக்கொண்டு போகப்போக என் கைகள் தாமாகவே தேங்காய் திருவிக்கொண்டிருந்தன. வெறுங்கையால், அவர் வாசலில், இரண்டாங்காலத்தில்.

டீச்சர் என் கைகளையே பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நி-யை விழுங்கிறது மதுஷா" என்றார். "அந்தப் பிள்ளையின்ர தாய் காருக்குள்ள இருந்து ஃபோன் பாப்பா. எப்ப முடியும் எண்டுதான் எல்லாரும் காத்துக்கொண்டு இருக்கிறது. இருபத்தஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன். சரளி வரிசையை இருந்து கேட்ட ஆள் நீங்கள் ஒராள்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டுப் படிதான் எனக்கும் அவருக்கும் இடையில். அந்தப் படிகளில் ஏறி "நல்லா இருக்கு" என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் அந்த மனுசி நாலு வருடம் பயந்துபயந்து பாடம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அம்மா சுவருக்கு மேலாகக் கேக்குத் தட்டு நீட்டியது ஏனென்று அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"போகாதீங்கோ டீச்சர்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்தார். உள்ளே போய் ஃபோனை எடுத்துவந்து என் முன்னாலேயே பிளாட் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். நல்ல காலம், வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம்.

கீழே வந்தபோது சேவியர் படியில் மீன் பையோடு நின்றார். "ஆரோ எங்கட படியில மீன் வைச்சிட்டுப் போயிருக்கினம், ஸ்டெல்லா. நல்ல பாரை" என்றார். என்னைத் தேடி ஏறி வந்து எடுத்த பை, எங்கள் படியில் இல்லை, மேல் படியில் இருந்தது என்பதைக்கூட மனிதர் கவனிக்கவில்லை.

மாதா இடம் மாறினா

அன்றைக்கே சேவியரை ட்ரில் எடுக்க வைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் "நாளைக்கு" என்று சொல்லத் துணிவு வரவில்லை அவருக்கு. மாதாவின் தட்டு காற்றுப் படாத உள்சுவருக்குப் போனது. இனி யன்னலைச் சாத்தவே தேவையில்லை. ஒரு நாளும் அடிக்கமாட்டேன் என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

வகுப்பு திரும்பத் தொடங்கிய அடுத்த புதன்கிழமை, ஐந்து மணி தாண்டியதும் சுருதிப்பெட்டி மூச்சு இழுத்தது. நான் தும்புத்தடியோடு தயாராக நின்றேன். முதற்காலம். இரண்டாங்காலம். தேங்காய் பூவாக விழுந்தது. கடலுக்கு மேல் வெயில் சாய்ந்தது. ஆறு மணிக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், சுடர் ஆடாமல் நின்றது, யன்னலும் விரியத் திறந்திருந்தது. மூன்றாங்காலத்தை முதல் சுரத்திலிருந்தே கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தேன்.

மேலே ஒரு சத்தமும் இல்லை.

ஆறு ஐந்து. அப்போதும் இல்லை. திரும்பவும் என்ன பிழை விட்டேன்?

படியில் தடதடவென்று கால்சத்தம். கதவைத் திறந்தால் இரட்டைப் பின்னலோடு ஒரு பொடிச்சி, மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க நிற்கிறாள்.

"அன்ரி, நான் மதுஷா. இன்னும் ஆறு மணி ஆகேல்லையா?"

"ஆகிட்டுதே பிள்ளை. ஏன்?"

"நீங்கள் இன்னும் அடிக்கேல்லையே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள், டீச்சரைப் போலவே.

"ரெண்டு அடி கேட்டாத்தானே நாங்கள் மூண்டாங்காலம் எடுக்கிறது? ஒரு அடிக்கு நிமிர்ந்து இருக்கவேணும், மற்ற அடிக்குத் தொடங்கவேணும். டீச்சருக்கு இது தெரியாது. இண்டைக்குத்தான் சொன்னனாங்கள். டீச்சர் சிரிச்சுச் சிரிச்சு, உங்களிட்டப் போய்க் கேக்கச் சொன்னவ."

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே மேலே ஓடிவிட்டாள்.

நான் குசினிக்குள் வந்தேன். தண்ணீர் வடிய வைத்திருந்த சிரட்டை அகப்பையைக் கையில் எடுத்தேன். மேலே கால்கள் மடக்கி உட்காரும் சத்தம் கேட்டது. அகப்பையின் பிடியால் யன்னல் நிலையில் இரண்டு அடி அடித்தேன்.

மூன்றாங்காலம் பொரிந்து தள்ளிக்கொண்டு இறங்கியது. நாலு குரல்கள், நடுவில் அந்தக் கீச்சுக்குரல். மேலே போய், திரும்பி இறங்கி வந்து, வழக்கமான இடத்தில் நி-யை விழுங்கினாள் மதுஷா.

மேலே எல்லாம் நின்றது. டீச்சரின் குரல் வந்தது. யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

"இன்னொருக்கா."

மாதாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அகப்பையைத் திரும்பவும் ஓங்கினேன்.